பந்து செத்துக்கிடந்த காலம்

1908-ல் சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணி, பருவம் முழுக்க 150 ஆட்டங்களுக்கு மேல் ஆடி அடித்த ஹோம் ரன்கள் (ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றி வந்து எடுக்கும் ரன், பெரும்பாலும் பந்து வேலியைத் தாண்டும்) வெறும் 3. ஆட்டக்காரர்களின் கையில் வலு இருந்தது. பந்தில்தான் உயிர் இல்லை.

அன்று பந்து என்பது கிளப்பின் சொத்து. ஸ்டாண்டில் விழுந்த பந்தையும் ரசிகர் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஊழியர் வந்து வாங்கிப் போவார். இதனால் ஒரே பந்து பல இன்னிங்ஸ் அடிபட்டது. உள்ளே சிறு ரப்பர் உருண்டை, அதன்மேல் இறுகச் சுற்றிய கம்பளி நூல், வெளியே 108 இரட்டைத் தையல் போட்ட குதிரைத் தோல். அடி வாங்க வாங்க நூல் தளரும். தளர்ந்த பந்து மட்டையில் பட்டதும் அதிகமாக நசுங்குகிறது. நூலிழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து, அடியின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. இதற்கு மேல் மைதானத்தின் அளவு வேறு. பாஸ்டன் ஹன்டிங்டன் அவென்யூ மைதானத்தில் நடுவேலி சுமார் 160 மீட்டர் தள்ளி இருந்தது, கிரிக்கெட் எல்லைக்கோட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1911 முதல் ரப்பருக்குள் தக்கை வைத்த பந்து வந்தது. அது கொஞ்சம் துள்ளியது, ஆனால் அதுவும் ஆட்டத்தின் நடுவே நைந்துதான் போனது.

அன்று பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், பந்தில் எச்சில் தடவியும் வீசினார்கள். இந்த எச்சில் பந்து எப்படி வேலை செய்தது? கிரிக்கெட்டில் எச்சில் தொட்டது பந்தைப் பளபளப்பாக்க. பேஸ்பாலில் தொட்டது விரல் வழுக்க. வேகமாக வீசிய பந்து பேட்டரை அடைய ஏறத்தாழ 0.45 நொடி ஆகும். ஈர்ப்பு விசை மட்டும் இருந்தால் அதற்குள் ஒரு மீட்டர் இறங்கிவிடும். வழக்கமான வீச்சில் விரல் நுனி தையலைப் பற்றி இழுப்பதால் பந்து பின்னோக்கிச் சுழலும். அது காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தாங்கும். இறக்கத்தில் ஒரு பகுதி அப்படி ஈடாகிறது. பேட்டரின் கண் பழகியிருப்பது இந்தப் பாதைக்குத்தான். ஈரவிரலில் வழுக்கி வந்த பந்தில் சுழற்சி குறைவு, தாங்கலும் குறைவு. எதிர்பார்த்த இடத்துக்குக் கீழே போய்விடும். மட்டை காற்றைத்தான் அடிக்கும்.

புகையிலைச் சாறும் மண்ணும் சேர்ந்து பந்து கறுத்துப் போனதுதான் இதில் கொடுமையான பகுதி. மின்விளக்கு இல்லாததால் ஆட்டம் பிற்பகலில் தொடங்கி, வெயில் சாயும்வரை போகும். 1920 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் கிளீவ்லாந்து வீரர் ரே சாப்மனின் தலையில் பந்து பட்டது. அவர் விலக முயலவே இல்லை என்றார்கள் பார்த்தவர்கள். சாப்மன் மறுநாள் இறந்தார். அதன்பின், அழுக்கான பந்தை உடனே மாற்றுவதில் அம்பயர்கள் கண்டிப்பு காட்டினர். எச்சில் வீச்சுக்கு அந்த ஆண்டே தடை வந்திருந்தது. அதையே நம்பியிருந்த 17 பிட்சர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்களில் கடைசியானவர் பர்லி கிரைம்ஸ், 1934 வரை வீசினார்.

1919-ல் 29 ஹோம் ரன் அடித்த பேப் ரூத், 1920-ல் அடித்தது 54. அவருடைய திறமை தனி. ஆனால் பேட்டர்கள் எல்லோருக்குமே இப்போது வெள்ளையாக, கெட்டியாக ஒரு பந்து கண்ணுக்குத் தெரிந்தது.

1921-ல் போலோ கிரவுண்ட்ஸில் ஒரு ரசிகர், கைக்கு வந்த பந்தைத் திருப்பித் தராததால் வெளியேற்றப்பட்டார். வழக்குப் போட்டு 100 டாலர் இழப்பீடு வாங்கினார்.