பெரட்டுக் களத்தில் எம்.ஜி.ஆர்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில், நான்காம் படிவம் படிக்கும் ஒரு பெண் ஒளிச்சேர்க்கைப் பாடத்தின் நடுவில் கையைத் தூக்கினாள். கேள்விக்கும் பச்சையத்துக்கும் சம்பந்தமில்லை.

"சார், எங்க தாத்தாவுக்கு என் பேரு மறந்துபோச்சு. 'யாரும்மா நீ'ன்னு கேக்குறாரு. ஆனா சுவத்துல எம்.ஜி.ஆர். காலண்டரப் பாத்தா மட்டும் 'வாத்தியாரு'ன்னு சிரிக்கிறாரு. அது எப்படி சார்? பேத்தியவிட நடிகரு பெருசா?"

வாத்தியார் என்றதும் என்னைச் சொல்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். அந்தப் பதில்தான் இது.

அவள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். அவர் காலத்துத் தோட்டங்களில் படம் போடுவது ஒரு திருவிழா. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் பாய் விரிப்பார்கள். பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசினார். யாரும் குறை சொன்னதில்லை. சின்ன வயதில் நானும் பின்பக்கத்து ஆள்தான்.

இப்போது திடலும் இல்லை, துணியும் இல்லை. 2025 டிசம்பர் 27 அன்று விஜய் பட இசை வெளியீட்டுக்காக கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கம் நிரம்பியது. மறுநாள் ஒட்டுக்கடையில் ஒருவர் "இதெல்லாம் பைத்தியம்" என்றார். இன்னொருவர் "அது முகராசிங்க, ஜாதகத்துல ஜனவசியம்" என்றார். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. பைத்தியம் என்றால் மூளையில் ஏதோ பழுது என்று அர்த்தம். இங்கே மூளை தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஜனவசியத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தகடு விற்பவருக்குத்தான் அதில் லாபம்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய இடத்து முகங்களைப் பார்க்கும் ஆசை மனிதனுக்கு மட்டும் உள்ளதல்ல. 2005-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆண் ரீசஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் சோதித்தார்கள். கூட்டத்தில் செல்வாக்குள்ள குரங்கின் முகப்படத்தைப் பார்ப்பதற்காக அவை கொஞ்சம் சாற்றை விட்டுக்கொடுத்தன. சாதாரணக் குரங்கின் முகத்தைப் பார்க்க வைக்க, அவற்றுக்குச் சாறு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. டிக்கெட் வாங்குவதும் கூலிக்கு ஆள் பிடிப்பதும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அப்புறம் 1956-இல் ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், திரையில் வரும் ஒருவரை நமக்கு வேண்டியவர்போல உணரும் ஒருதலை உறவுக்கு ஒரு பெயரே வைத்தார்கள். அவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவரைத் தெரியும். மூளைக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாக உறைப்பதில்லை. முகமும் குரலும் பல நூற்றாண்டுகளாக நேரில்தான் வந்துகொண்டிருந்தன. துணியில் வர ஆரம்பித்தது நேற்றுத்தானே.

சரி, இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய் சிலருக்கு இருக்கும். அறுவை செய்வதற்கு முன், வலிப்பு மூளையில் எங்கே கிளம்புகிறது என்று தெரிய வேண்டும். அதற்காக மயிரைவிடச் சன்னமான கம்பிகளை மூளைக்குள் இறக்கி, நோயாளியை மருத்துவமனைப் படுக்கையில் சில நாள் வைத்திருப்பார்கள். வலிப்பு வரும்வரை அவருக்கும் வேலையில்லை, கம்பிகளுக்கும் வேலையில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் இட்சாக் ஃப்ரீட் குழுவினர் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தை, நோயாளியின் சம்மதத்தோடு பயன்படுத்திக்கொண்டார்கள். மடிக்கணினியில் படங்களைக் காட்டி, ஒவ்வொரு நரம்பணுவும் (நியூரான்) எதற்குத் துடிக்கிறது, அதாவது எதற்கு மின்துடிப்பு எழுப்புகிறது என்று பதிவு செய்தார்கள்.

காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும், கடற்குதிரை வடிவில் சுருண்டு கிடக்கும் ஒரு பகுதி உண்டு. பெயர் ஹிப்போகாம்பஸ். அங்கே இருந்த ஒரு நரம்பணு, நடிகை ஜெனிஃபர் அனிஸ்டனின் படம் வந்தபோதெல்லாம் துடித்தது. உடை மாறினாலும் துடித்தது, முகம் திரும்பியிருந்தாலும் துடித்தது. வேறு நடிகைகள், கட்டடங்கள், விலங்குகள் எது வந்தாலும் கம்மென்று கிடந்தது. இதில் வேடிக்கை, அப்போதைய கணவர் பிராட் பிட்டோடு அவர் நின்ற படத்துக்கும் அது எழுந்திருக்கவில்லை!

இன்னொரு நோயாளியிடம் நடிகை ஹாலி பெர்ரிக்கு ஒரு நரம்பணு கிடைத்தது. அவர் புகைப்படத்துக்குத் துடித்தது, பென்சிலில் வரைந்த படத்துக்கும் துடித்தது. பூனை வேடத்தில் முகமூடி போட்டு முகமே தெரியாமல் நின்ற படத்துக்கும் துடித்தது. கடைசியில் படமே இல்லாமல் வெறும் பெயரை எழுத்தில் காட்டினார்கள். அதற்கும் துடித்தது. அப்படியானால் அந்த நரம்பணு பார்ப்பது கண்ணையும் மூக்கையும் இல்லை, 'இன்னார்' என்ற ஆளை. 2005-இல் ரோட்ரிகோ குயான் குயிரோகா முதல் ஆசிரியராக இந்த ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது.

இதை வகுப்பில் விளக்க எனக்குப் பெரட்டுதான், அதாவது தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பதுதான், கைகொடுத்தது. விடியாத இருட்டில் தோட்டத்து ஆட்கள் களத்தில் நிற்பார்கள். மேஸ்திரியான மண்டோர் பதிவேட்டிலுள்ள செக்ரோல் நம்பரைக் கூப்பிடுவார், அல்லது பதிவுப் பெயரை, அல்லது எல்லோருக்கும் தெரிந்த பட்டப்பெயரை. எப்படிக் கூப்பிட்டாலும் குரல் கொடுப்பவர் ஒரே ஆள். மற்ற இருநூறு பேரும் வாய் திறப்பதில்லை. அந்த நரம்பணுவும் அப்படித்தான்.

பாட்டியை அடையாளம் காண மூளையில் ஒரே ஒரு 'பாட்டி நரம்பணு' இருக்கிறது என்று 1960-களின் இறுதியில் நரம்பியல் ஆய்வாளர் ஜெரோம் லெட்வின் மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொன்னார். கிடைத்தது அந்தப் பாட்டி இல்லை. ஓர் ஆளுக்கு ஒரே நரம்பணு என்றால், அது செத்த அன்றைக்குப் பாட்டியும் மறந்துபோவாள். ஓர் ஆளுக்குப் பல நரம்பணுக்கள் துடிக்கின்றன. கம்பி தற்செயலாக அவற்றில் ஒன்றின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது. ஒரே நரம்பணு ஒன்றுக்கு மேற்பட்டவற்றுக்கும் துடிக்கலாம். அனிஸ்டன் நரம்பணு மறுநாள் லிசா கூட்ரோவுக்கும் துடித்தது. இருவரும் ஒரே தொலைக்காட்சித் தொடரில் தோழிகளாக நடித்தவர்கள்.

அந்தத் தோழி விஷயத்தில்தான் என் மனம் சிக்கிக்கொண்டது. 2015-இல் மத்தியாஸ் ஐசன், குயான் குயிரோகா, ஃப்ரீட் மூவரும் 14 நோயாளிகளிடம் அதைத் துரத்திக்கொண்டு போனார்கள். முதலில், ஒரு நரம்பணு எந்த ஆளுக்குத் துடிக்கிறது என்று கண்டுபிடிப்பது. அது துடிக்காத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. பிறகு அந்த ஆளை அந்த இடத்தின் முன்னால் நிற்பதுபோல ஒட்டிய படத்தைக் காட்டுவது. நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் இத்தாலியின் பைசா சாய்ந்த கோபுரத்தின் முன்னால், இப்படி. பிறகு கோபுரத்தைத் தனியாகக் காட்டுவது.

கோபுரத்துக்கும் துடித்தது. நூறு தடவை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. சில நரம்பணுக்கள் ஒரே தடவை சேர்த்துப் பார்த்ததிலேயே மாறிவிட்டன.

மறுபடி களத்துக்கு வாருங்கள். நேற்று இரண்டு பேரை ஒரே நிரைக்கு அனுப்பினார் மண்டோர். இன்று ஒருவன் பெயரைக் கூப்பிட்டால் மற்றவன் "அவனும் வந்திருக்கான் அய்யா" என்கிறான். அவ்வளவுதான் நடந்தது. ஞாபகம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அரசியல். 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டடி பட்டார். கழுத்துக் கட்டோடு அவர் இருக்கும் படம் சுவரொட்டியாகத் தமிழ்நாடு முழுக்க ஒட்டப்பட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் பரங்கிமலையில் வென்றார், அவர் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1972-இல் அந்தக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி தொடங்கினார். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அந்தக் கட்சிக்கு இரட்டை இலைச் சின்னம் கிடைத்தது. நியாயமாகப் பார்த்தால் இரண்டு இலையைக் கண்டதும் கேமரன் மலைக்காரருக்குத் தேயிலைக் கொழுந்து ஞாபகம் வரவேண்டும். எங்கள் ரப்பர் மரத்துக்கு ஒரு காம்பில் மூன்று இலை, அதனால் எங்களுக்கு ஒன்றும் வரவேண்டியதில்லை. ஆனால் கடல் கடந்து இங்கேயும் இரண்டு விரலைக் காட்டினால் வாத்தியார்தான் வந்தார். 1977 முதல் 1987 டிசம்பரில் இறக்கும்வரை இடையில் சில மாதம் தவிர அவரே முதல்வர். இறந்த பிறகு கட்சி உடைந்து, 1989 ஜனவரித் தேர்தலில் இலை முடக்கப்பட்டது. ஒரு பிரிவு சேவலில் நின்றது, இன்னொன்று இரட்டைப் புறாவில். இரண்டுமே ஆட்சியைப் பிடிக்கவில்லை. வாக்கு பிரிந்தது அதற்குப் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டு பிரிவும் சேர்ந்து முதல் வேலையாக இலையை மீட்டெடுத்ததைப் பாருங்கள். இலை என்ற அந்தக் கோபுரத்துக்கு விலை உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாக்குச்சாவடியில் யார் தலையிலும் கம்பி விட்டுப் பார்த்ததில்லை. ஆய்வையும் தேர்தலையும் சேர்த்து முடிச்சுப் போடுவது நான்தான். அந்த விஞ்ஞானிகள் மேல் பழி வேண்டாம். ஆனால் எங்கள் ஊரிலும் பார்க்கிறேன். 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலு, அதற்கு முன் வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். குரல் முன்னால் போனது, ஆள் பின்னால் வந்தார். சொல்லால் கேட்ட பெயருக்கும் இதே நரம்பணுக்கள் துடிக்கின்றன என்று 2009-இல் வந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

அரிசி மூட்டையில் ஒரு நடிகை சிரிப்பதும், நகைக்கடன் விளம்பரத்தில் ஒரு நடிகர் கை கட்டி நிற்பதும் இதே வேலைதான். அந்த அரிசியை அவர் சமைத்துப் பார்த்தாரா என்று ஹிப்போகாம்பஸ் கேட்காது. பக்கத்தில் நின்றாரா, அது போதும். இப்போது நிற்கக்கூடத் தேவையில்லை, கணினியே நிறுத்திவிடுகிறது. பிரபலம் ஒருவர் பேசுவதுபோலப் போலி வீடியோ செய்து 'ஆயிரம் வெள்ளி போடுங்கள்' என்று வாட்சாப்பில் அனுப்புகிறார்கள். ஈஸ்ட்வுட்டும் பைசாவுக்குப் போகவில்லை. படத்தில் ஒட்டினார்கள், நரம்பணு ஏற்றுக்கொண்டது.

நடிகை படம் காட்டி நரம்பணு எண்ணுவதற்கா ஆராய்ச்சிப் பணம் என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி கேட்பவர்கள் மேல்தான் கோபம். புதிய ஞாபகம் ஒன்று பிறக்கும் நொடியை மனித மூளைக்குள் நேரடியாகப் பார்த்தது இந்த வழியில்தான். நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் எளிது: எந்த நோயாளி வந்தாலும் அவருக்குத் தெரிந்த முகம் வேண்டும், என் மாமியார் முகத்தைக் காட்டினால் யாருக்குத் தெரியும்? எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளி அறிவியல் கூடத்துக்கு நுண்ணோக்கி வாங்க நன்கொடை கேட்டு நான் நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறேன். அதே நாலு கடையும் அந்த மாதம் நட்சத்திர இரவுக்கு டிக்கெட் எடுத்திருந்தன. சரி, அதை விடுவோம்.

தாத்தாவிடம் வருகிறேன். பேத்தியைவிட நடிகர் பெரிசு என்பதல்ல விஷயம், நடிகர் பழையவர். அண்மைய ஞாபகம் முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்று பிரெஞ்சுக்காரர் தியோடூல் ரிபோ 1881-லேயே எழுதினார். மறதி நோய்களில் பரவலாகக் காணப்படும் அல்ஸைமர், முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்று அந்தக் கடற்குதிரை. புதிய முடிச்சுகளைப் போடுவது அதன் வேலை. இளவயதில் போட்டு, ஆயிரம் தடவை பாடியும் பேசியும் இறுகிய முடிச்சுகள் மூளையின் மேற்பரப்பு முழுக்கப் பரவி வேர் பிடித்துவிடுகின்றன என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பேத்திக்குப் பதினாறு வயது. வாத்தியார் அந்தத் தலைக்குள் வந்து அறுபது வருடம் ஆகிறது. களத்தில் புது ஆட்களின் பெயர்கள் முதலில் அழிகின்றன, பழைய ஆள் இன்னும் குரல் கொடுக்கிறார்.

இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் வந்து, தன் பள்ளிப் புகைப்படத்தைக் காலண்டரில் எம்.ஜி.ஆர். பக்கத்தில் ஒட்டிவிட்டதாகச் சொன்னாள். ஈஸ்ட்வுட் படம்போல. முடிச்சுப் போடும் இடமே பழுதாகியிருக்கும்போது அது பலிக்காது என்று சொல்ல வாயெடுத்து, "தாத்தா என்ன சொன்னாரு?" என்று மட்டும் கேட்டேன்.

"'வாத்தியாரு பக்கத்துல நிக்குதே, யாரு இந்தப் புள்ள, லட்சணமா இருக்கு'ன்னாரு சார்."

"அப்புறம்?"

"மறுநாளும் அதையே கேட்டாரு. அதுக்கு மறுநாளும்."