பர்கர் வெந்ததா என்பதைக் கண் சொல்லாது

“நல்லா பிரவுன் ஆனப்புறம்தான் டாக்டர் எடுத்தேன்.” ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு நான்கு வயது மகளைத் தூக்கி வந்த அப்பா இதையே மூன்று தடவை சொன்னார். பொய் இல்லை. பர்கருக்கான கொத்துக்கறி சில சமயம் முழுதாக வேகும் முன்பே பழுப்பாகிவிடும். நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பு மாறாமல் நிற்பதும் உண்டு.

முழுத் துண்டு மாட்டிறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் செத்துவிடும். அரைக்கும்போதோ மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. அதனால் ஸ்டேக்கை நடுவில் சிவப்பாகச் சாப்பிடுபவர் பர்கரையும் அப்படிக் கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஈ.கோலை கிருமியில் ஓ157 என்ற வகை சுரக்கும் நச்சு, சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தையே முடக்கக்கூடியது. 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கர்களால் 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். சாப்பிட்டு மூன்று நான்கு நாள் கழித்தே வயிறு படுத்தத் தொடங்கும் என்பதால் பர்கர் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மலத்தில் ரத்தம் கண்டால் பேதியை நிறுத்தும் மாத்திரை, ஆன்டிபயாடிக் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்தக் கிருமி விஷயத்தில் அவை நிலைமையை மோசமாக்கலாம்.

சரி, வெந்ததை எப்படித்தான் அறிவது? உணவுக்கான தெர்மாமீட்டர் ஒன்றே வழி. மேலிருந்து குத்தினால் முனை மறுபக்கம் போய்விடும், பக்கவாட்டில் நடுமையம்வரை செருகுங்கள். மாடு, ஆடு என்றால் 71 டிகிரி செல்சியஸ், கோழி என்றால் 74. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதையும் எடுத்துவிடக் கூடாது, கிரில்லின் எல்லா இடத்திலும் சூடு ஒன்றுபோல இருக்காது.

“அவ்வளவு வேகவைத்தால் வறண்டுவிடுமே” என்பார்கள். 71-ல் எடுத்தால் அப்படி ஆகாது, பயத்தில் அதற்கும் மேலே விடுவதால்தான் வறள்கிறது. ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள கறியாக வாங்கி, அதிகம் பிசையாமல் தட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி வையுங்கள், உப்பாது. உப்பைக் கடைசியில் மேலே தூவினால் போதும். முன்பே கலந்தால் கறி இறுகி ரப்பராகிவிடும். அப்புறம், கரண்டியால் அழுத்தும் அந்தப் பழக்கம்! ‘சொய்ங்’ என்று கேட்பதெல்லாம் சாறு நெருப்பில் விழும் சத்தம்தான்.

பச்சைக் கறி இருந்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தட்டு, இடுக்கி இரண்டையும் மாற்றுங்கள். கிரில்லைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தீர்களானால், கறியை வைக்கும் முன் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். உதிர்ந்த கம்பி கறியில் ஒட்டித் தொண்டையில் குத்தி வந்தவர்கள் உண்டு.