ஒப்பந்தம் என்றால் மருந்து விலையையும் கேளுங்கள்

பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் என்று செய்தி வந்ததிலிருந்து, காரைக்குடியில் என் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் கார் விலை குறையுமா, விஸ்கி விலை குறையுமா என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஆச்சி ஒருவர் மட்டும், "தம்பி, மாத்திரை வெலை ஏறிருமா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சிட்டாகிளிப்டின் என்ற சர்க்கரை மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து வரும் சீட்டுகளில் அடிக்கடி பார்க்கிறேன். கண்டுபிடித்த கம்பெனி மட்டுமே செய்யலாம் என்ற அதன் காப்புரிமை 2022 ஜூலையில் முடிந்தது. பல கம்பெனிகள் செய்யத் தொடங்கின. 40 ரூபாயைச் சுற்றி விற்ற ஒரு மாத்திரை 10 ரூபாய் அளவுக்கு இறங்கியது. அதுவரை பாதி அட்டையாக வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்கள் அப்புறம்தான் மாதத்துக்கும் சேர்த்து வாங்கினார்கள்.

இந்த இறக்கத்தைத் தள்ளிப்போடும் சரத்துகளை வர்த்தக ஒப்பந்தங்களில் சேர்க்கச் சொல்லிப் பணக்கார நாடுகள் விடாமல் கேட்கின்றன. முக்கியமானது, சோதனைத் தரவுக்கான தனியுரிமை; அதாவது, மருந்தைச் சோதித்துத் திரட்டிய தரவு அந்தக் கம்பெனிக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்பது. இப்போது அதே மருந்தைத் தானும் செய்து விற்கும் ஒரு ஜெனரிக் கம்பெனி, தன் மாத்திரையும் மூல மருந்தைப் போலவே உடலில் வேலை செய்கிறது என்று காட்டினால் போதும். பெரிய சோதனைகளை மறுபடி நடத்த வேண்டாம். மூலக் கம்பெனியின் தரவை வைத்து அரசு சில வருடங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று பூட்டிவிட்டால், காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் போட்டி வராது. 2007இல் நம்மோடு வர்த்தகப் பேச்சைத் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கேட்டது. சுவிட்சர்லாந்து, நார்வே அடங்கிய எஃப்டா நாடுகளும் கேட்டன. 2024 மார்ச்சில் எஃப்டாவுடன் கையெழுத்திட்டபோது இந்தியா இதற்கு இணங்கவில்லை. மனதாரப் பாராட்டுகிறேன்.

2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம்தான் கவலை தருகிறது. மருந்து மக்களுக்குக் கிடைக்க, கம்பெனி தானாக முன்வந்து தரும் உரிமமே சிறந்த வழி என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நம் சட்டத்தில் கட்டாய உரிமம் என்று ஒன்று உண்டு: காப்புரிமை வைத்திருக்கும் கம்பெனி சம்மதிக்காவிட்டாலும், அந்த மருந்தைச் செய்ய வேறு கம்பெனிக்கு அரசு அனுமதி தரலாம். 2012 மார்ச்சில் அதன்படி, பேயர் கம்பெனியின் நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்தைச் செய்ய நாட்கோ கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. மாதம் சுமார் 2,80,000 ரூபாய் ஆன மருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது. எந்தக் கம்பெனி தானாக இப்படிக் குறைக்கும்? சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தின் அந்த வரி, அதைப் பயன்படுத்த வேண்டிய அதிகாரிகளைத் தயங்க வைக்கும் என்பதே என் பயம்.

ஏற்றுமதிக்கு வரி குறைவது நல்லதுதான், திருப்பூருக்கு வேலை வரும். சரி, அதற்கு ஈடாக என்ன கொடுத்தோம்? அறிவுசார் சொத்துரிமை என்ற அத்தியாயத்தில் பாருங்கள். அடுத்த ஒப்பந்தம் வருவதற்கு முன்பே உங்கள் எம்.பி.யிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சோதனைத் தரவுக்குத் தனியுரிமை கொடுக்கப் போகிறோமா? காப்புரிமை 20 வருடத்தைத் தாண்டி நீளுமா? அப்படியே உங்கள் மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரையும் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, சிட்டாகிளிப்டின் மாதிரி) சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.