சில்லைச் சுற்றிய எலியும் மே மாதமும்

மே மாதம் பிறந்தால் போதும், பச்சை ரிபன் படங்கள் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் 1949 முதல் மே மாதத்தை மனநல விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அங்கேயே சிலர் ஏப்ரலை நம்பிக்கை மாதம் என்கிறார்கள். ஒக்டோபர் 10 உலக மனநல நாள், அது 1992 இலிருந்து. வெளிநாட்டுச் சொந்தங்கள் வழியாக இவை எல்லாம் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. அப்படி வந்த ஒரு பதிவை கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி எனக்கு அனுப்பி, அதில் இருக்கும் எலிக் கதை உண்மையா என்று கேட்டிருந்தார். கீழே இன்னொரு கேள்வி. "நம்பிக்கையா இருங்கோ எண்டு சொன்னால் நம்பிக்கை வந்திடுமோ? கடை பூட்டின நாளிலயிருந்து இவருக்கு நான் ஒவ்வொரு நாளும் சொல்லுறன், ஒண்டும் நடக்குதில்லை."

எலிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். பதிவு சொல்வது இதுதான்: தண்ணீரில் விட்ட எலிகள் 15 நிமிடத்தில் மூழ்கின, மூழ்கும் நேரத்தில் தூக்கித் துடைத்து மறுபடி விட்டபோது 60 மணித்தியாலம் நீந்தின, ஆகவே நம்பிக்கை உங்கள் பலத்தை 240 மடங்கு ஆக்கும். பாதி உண்மை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேர்ட் ரிக்டர் என்பவர் 1957 இல் வெளியிட்ட ஆய்வு அது. அவரிடம் இரண்டு வகை எலிகள் இருந்தன. ஆய்வுகூடத்தில் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை யாரும் தூக்கிவிடாமலே 40, 60 மணித்தியாலம் என்று நீந்தின. புதிதாகப் பிடித்து வந்த காட்டெலிகள்தான் எல்லாமே சில நிமிடங்களில் செத்தன. அந்தக் காட்டெலிகளைச் சில தடவை கையில் பிடித்து விட்டு, தண்ணீரில் போட்டு எடுத்துப் பழக்கியபின் அவையும் மற்றவற்றைப் போல நீந்தின. அதாவது யாருக்கும் 240 மடங்கு பலம் வரவில்லை. ஏற்கனவே இருந்த பலத்தை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருந்தது, அது விலகியது. காட்டெலிகள் எதனால் செத்தன என்பதில் பின்னால் வந்தவர்கள் நிறையச் சண்டை பிடித்தார்கள், அதற்குள் நான் போகவில்லை. எனக்குப் பிடித்த எலி வேறு.

அந்த எலிக்கு முன்னால் நாய்கள். 1967 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் செய்த பரிசோதனை. உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். மின் அதிர்ச்சியைத் தன் தலையால் ஒரு பலகையை அழுத்தி நிறுத்தக்கூடிய நாய் ஒன்று, அதே அளவு அதிர்ச்சி கிடைத்தும் எதைச் செய்தாலும் நிறுத்த முடியாத நாய் இன்னொன்று. மறுநாள் ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற பெட்டியில் விட்டபோது, இரண்டாவது வகை நாய்களில் பெரும்பாலானவை தப்ப முயலவே இல்லை, படுத்துவிட்டன. என்ன செய்தாலும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன, மனிதரின் மனச்சோர்வும் இப்படித்தான் வருகிறது என்று இருவரும் விளக்கம் சொன்னார்கள். (கொடுமையான பரிசோதனை. இன்று எந்த ஒழுக்கநெறிக் குழுவும் லேசில் அனுமதிக்காது.)

செலிக்மன் இந்த விளக்கத்தோடு உலகப் புகழ் பெற்றார். மையர் உளவியலோடு நிற்காமல் நரம்பியலும் படித்து, கொலராடோவில் எலிகளோடு உட்கார்ந்துவிட்டார். பல பத்தாண்டுகள். "இதால நாட்டுக்கு என்ன பிரயோசனம்" என்று எந்த அரசியல்வாதியும் கேட்கக்கூடிய ஆராய்ச்சி. நம் நாட்டில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது, இங்கே பிறந்திருந்தால் மையர் ரியூசன் நடத்தித்தான் பிழைத்திருப்பார்.

சரி, எலிக்கு வருவோம். ஒரு சின்னப் பெட்டி. எலியின் வால் வெளியே, அதில் மின்வாய். எலிக்கு முன்னால் ஒரு சில்லு. அதிர்ச்சி வரும்போது சில்லைச் சுற்றினால் நின்றுவிடும். பக்கத்துப் பெட்டியில் இரண்டாவது எலி, அதற்கும் ஒரு சில்லு உண்டு, ஆனால் அதைச் சுற்றினாலும் ஒன்றும் நடக்காது. முதல் எலிக்கு அதிர்ச்சி தொடங்கும்போது இதற்கும் தொடங்கும், முதல் எலி நிறுத்தும்போது இதற்கும் நிற்கும். இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே வலு, ஒரே நேரம். பட்ட நோவில் ஒரு மயிரிழை வித்தியாசமில்லை, யாருடைய கை அதை நிறுத்தியது என்பது மட்டும்தான் வேறு. மறுநாள் பார்த்தால் இரண்டாவது எலி பயந்து ஒடுங்கி, தப்பவும் தெரியாமல் கிடக்கிறது, முதல் எலி கிட்டத்தட்ட அதிர்ச்சியே படாத எலி மாதிரி நடக்கிறது.

உள்ளே என்ன நடந்தது? உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு மூளைத்தண்டு நினைவிருக்கும். அதில் ராஃபே கரு என்று ஒரு சின்னக் கலக்கூட்டம் இருக்கிறது, செரட்டோனின் என்ற இரசாயனத்தைச் சுரந்து மூளையின் பல இடங்களுக்கும் அனுப்பும். தாங்கமுடியாத ஒன்று நீண்ட நேரம் தொடர்ந்தால் இந்தக் கலங்கள் வெறிபிடித்தமாதிரி வேலை செய்கின்றன. அனுப்பும் செரட்டோனின் ஒரு பக்கம் அமிக்டலா என்ற மூளைப் பகுதிக்குப் போய்ப் பயத்தைக் கூட்டுகிறது, இன்னொரு பக்கம் ஓடித் தப்பும் செயலை நடத்தும் பகுதிக்குப் போய் அதை அடக்குகிறது. பயமும் அசையாமையும் ஒன்றாக வருவது இதனால்தான். இரண்டாவது எலியில் இது உச்சத்தில் நடந்தது, முதல் எலியில் அடங்கியிருந்தது.

ஆனால் ராஃபே கரு மிகச் சிறியது. சில்லைச் சுற்றியதால் நின்றதா, தானாக நின்றதா என்று கணக்குப் பார்க்கும் வசதி அதற்குக் கிடையாது. அப்படியானால் அதற்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். மையரின் குழு தேடிப் போய்ச் சேர்ந்த இடம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் உட்பகுதி. 2005 இல் அவர்கள் செய்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். ஒரு மருந்தால் அந்தப் பகுதியைத் தற்காலிகமாக உறங்கவைத்துவிட்டு எலியைச் சில்லுப் பெட்டியில் விட்டார்கள். எலி வழக்கம்போலச் சில்லைச் சுற்றியது, அதிர்ச்சிகளை அழகாக நிறுத்தியது, ஒரு குறையும் இல்லை. மறுநாள் அது இரண்டாவது எலி மாதிரியே முடங்கிக் கிடந்தது! கட்டுப்பாடு அதன் கையில் உண்மையாகவே இருந்தது, அதைப் பயன்படுத்தியும் இருந்தது, ஆனால் அந்தச் செய்தி மூளைக்குள் கீழே போய்ச் சேரவில்லை. பிறகு தலைகீழாகச் செய்தார்கள். சில்லு வேலை செய்யாத எலியில் அதே பகுதியை மருந்தால் தூண்டிவிட்டார்கள். ஒன்றையுமே நிறுத்தமுடியாத அந்த எலி, மறுநாள் எல்லாவற்றையும் தானே நிறுத்திய எலி மாதிரி நடந்தது.

இதன் வயரிங்கும் அழகு. முன்மூளையில் இருந்து வரும் நரம்புகள் தூண்டும் வகையைச் சேர்ந்தவை, அவை ராஃபேயில் நேரே செரட்டோனின் கலங்களை அடக்குவதில்லை. அங்கே காபா என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்களைத் தூண்டுகின்றன, அவை செரட்டோனின் கலங்களை அடக்குகின்றன. பஸ்ஸில் சாரதி மிதிப்பது பிரேக் பெடலை, சில்லைப் பிடிப்பது வேறு ஒன்று, அப்படி.

2016 இல் மையரும் செலிக்மனும் சேர்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் தாங்கள் சொன்னது தலைகீழ் என்று அதில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நாய் எதையும் கற்கவில்லை. நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது யாரும் சொல்லித்தராமல் மூளை தானாகச் செய்வது, அதுதான் ஆரம்ப நிலை. கற்கவேண்டியது மற்றது, அதாவது நான் செய்தால் ஏதோ ஒன்று மாறும் என்பது. அதைக் கற்றால்தான் பிரேக் விழும். புகழ் தந்த கோட்பாட்டைத் தாங்களே கவிழ்த்துவிட்டுச் சாவகாசமாக அதற்கு விளக்கமும் எழுதிய அந்த மனிதர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சில்லைச் சுற்றிப் பழகிய எலியை ஒரு வாரம் கழித்து, எதையும் நிறுத்தமுடியாத அதிர்ச்சிக்கு உட்படுத்தினார்கள். அது முடங்கவில்லை. இந்தத் தடவை கட்டுப்பாடு எதுவும் இல்லாதபோதும் முன்மூளை எழுந்து பிரேக்கை மிதித்தது. வேறொரு முரட்டு எலியிடம் அடிவாங்கித் தோற்பது போன்ற முற்றிலும் வேறான துன்பத்திலும் இந்தப் பாதுகாப்பு நின்றது. முன்மூளையில் புதுப் புரதம் உருவாவதைத் தடுத்தால் இது வராது, ஆகவே அங்கே உண்மையான பொருளாக ஏதோ கட்டப்படுகிறது. வாசகியின் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. "நம்பிக்கையாக இரு" என்ற சொல்லைக் கேட்டு எந்தப் புரதமும் உருவாவதில்லை. கை ஒன்றைச் செய்து, அதனால் ஒன்று மாறியதை மூளை பார்க்கவேண்டும்.

எலியை அப்படியே மனிதரில் ஒட்டக்கூடாது என்பது தெரிந்ததே. எலிகளிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது: சில்லுப் பெட்டி பற்றி நான் சொன்னவை எல்லாம் ஆண் எலிகளில் செய்தவை. 2018 இல் பெண் எலிகளில் செய்து வெளியிட்டபோது, அவையும் ஆண்களைப் போலவே சில்லைச் சுற்றக் கற்றன, ஆனால் அந்தப் பாதுகாப்பு அவற்றுக்குக் கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் ஆண் எலியை மட்டும் வைத்துக்கொண்டு "மூளை இப்படி வேலை செய்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள். மனச்சோர்வு பெண்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது என்று தெரிந்திருந்தும்.

மனிதருக்கு உதவும் பகுதி வேறு வழியால் வந்தது. முடங்கிய நாய்களை என்ன செய்தார்கள் தெரியுமா? சாப்பாட்டைக் காட்டி அழைத்தும் அவை வரவில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தடுப்புக்கு மேலால் இழுத்தார்கள், திரும்பத் திரும்ப. கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும் பாரம் குறைந்து, கடைசியில் நாய் தானே தாண்டியது. மனச்சோர்வுக்கு இன்று கொடுக்கும் 'செயலைத் தூண்டும் சிகிச்சை' இதன் மனிதாபிமானமான உறவுக்காரர் மாதிரி. மனம் சரியானபின் வேலை செய்யலாம் என்று காத்திராமல், செய்யக்கூடிய மிகச்சிறிய ஒன்றை நாள் குறித்துச் செய்வது. கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வோடு வந்த சுமார் 500 பேரில் இதைச் சோதித்தார்கள். கொடுத்தவர்கள் மனநல வைத்தியர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் ஆட்கள், ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். மூன்று மாதத்தில் இதைப் பெற்றவர்களில் 64 சதவீதமானோர் மனச்சோர்வில் இருந்து மீண்டார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். 2017 இல் லான்செட் இதழில் வந்தது. நம் பிரதேச சபைகள் மே மாதத்துக்குப் பதாகை அடிக்கும் காசில் எத்தனை பேருக்கு இந்தப் பயிற்சி கொடுக்கலாம் என்று யாராவது கணக்குப் பார்த்தால் நல்லது.

ஆகவே கொக்குவில் அக்காவுக்கு: இவருக்குச் சொல்வதை விடுங்கள். பூட்டிய கடையைத் திறக்கச் சொல்லவும் வேண்டாம், அது பெரிய சில்லு. வளவில் இருக்கும் கத்தரிக்குத் தண்ணீர் விடுவது, பிள்ளையை ரியூசனால் ஏற்றி வருவது, யாரோ தரவேண்டிய ஒரு பாக்கியைக் கேட்டுப் போன் எடுப்பது, இப்படி அன்றைக்கே விளைவு தெரியும் ஒன்று. அவர் செய்து முடிக்கமுதல் "விடுங்கோ, நான் செய்யிறன்" என்று பாசத்தில் வாங்கிச் செய்துவிடாதீர்கள். இதைத்தான் நம் வீடுகளில் அதிகம் செய்கிறோம்.

சாத்திரம் பார்க்கப் போனதாகவும் எழுதியிருந்தீர்கள். நேர்த்தி வைத்து நல்லூருக்குக் காவடி எடுப்பவரோடு எனக்குச் சண்டையில்லை, அவர் குறைந்தது ஒன்றைச் செய்கிறார். "ஏழரைச் சனி, முடியுமட்டும் ஒண்டும் சரிவராது" என்று காசு வாங்கிக்கொண்டு சொல்பவரோடுதான் சண்டை. எதைச் சுற்றினாலும் பயனில்லை என்று ஏழரை வருடத்துக்கு எழுதிக்கொடுக்கும் அந்த ஆள், இரண்டாவது எலியின் பெட்டியைத்தான் உங்களுக்கு விற்கிறார்.

இதை வைத்து எல்லாம் அவரவர் கையில் என்று யாரும் பிரசங்கம் பண்ணவும் வேண்டாம். 1995 இல் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு நடந்த சனத்திடமும், 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற கடற்றொழிலாளரிடமும் சில்லே இருக்கவில்லை. இல்லாத சில்லைச் சுற்றச் சொல்வது அறிவியல் அல்ல. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் இருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்கும் தாய்மாருக்குப் பதில் சொல்லவேண்டியது அரசாங்கம், உளவியல் ஆலோசகர் அல்ல.

கடைசியாக, சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். செரட்டோனின்தான் எலியை முடக்கியது என்றால், அதைக் கூட்டும் குளிசையை ஏன் மனச்சோர்வுக்குக் கொடுக்கிறார்கள்? எலியில் நடந்தது ஒரு குறிப்பிட்ட கலக்கூட்டம் ஒரே அமர்வில் பீறிட்டு, சில நாட்களுக்கு இலகுவில் தூண்டப்படும் நிலையில் இருந்தது. குளிசையோ வாரக்கணக்கில் வேலை செய்கிறது. ராஃபே கலங்களில் தம் சுரப்பைத் தாமே அளந்து குறைக்கும் வாங்கிகள், அதாவது செரட்டோனின் வந்து ஒட்டும் இடங்கள், உண்டு, அவை குளிசைக்கு மெல்ல மெல்லப் பழகி மாறவேண்டும். வேறு இடங்களில் இருக்கும் வாங்கிகளும் மாறுகின்றன. செரட்டோனினுக்குப் பத்துக்கு மேற்பட்ட வகை வாங்கிகள் இருப்பதால் கூடியது, குறைந்தது என்று ஒரு வரியில் சொல்லமுடியாது. முதல் இரண்டு மூன்று வாரம் குளிசையால் ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் குளிசையை நிறுத்தவேண்டாம். குறைப்பதானால் கிளினிக்கில் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். கிளினிக் நாள்வரை காத்திருக்க முடியாத நிலை வந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி, இரவிலும் எடுக்கலாம், தமிழில் கதைப்பார்கள்.