கேமராவுக்கு மட்டும் தெரிகிற பறக்கும் தட்டு

இந்த சீசனில் இது நான்காவது பறக்கும் தட்டு. கொடைக்கானலில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம், ஏரிக்கரையில் ஜோடிகளுக்கு அவுட்டோர் ஷூட், இதுதான் பிழைப்பு. ஆனால் ஊருக்குள் யார் போனில் விளங்காதது எது விழுந்தாலும் கடைசியில் என் கடைக்குத்தான் வருகிறது.

போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு, ஹோம்ஸ்டே நடத்துகிற தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. கெஸ்ட்டு ரூமைக் காலி பண்றேங்கிறாங்க." தூறலில் குடையோடு போனேன். திருப்பூர்க் குடும்பம். அப்பா போனை நீட்டினார். பள்ளத்தாக்குக்கு மேலே, பனிக்குள், வெளிறிய வட்டத் தட்டு ஒன்று தொங்குகிறது. "மூணு போட்டோலயும் இருக்கு சார். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு இடத்துல. வெறும் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, கேமராதான் பிடிச்சிருக்கு." எட்டு வயதுப் பையன் போர்வைக்குள் இருந்தான்.

எங்கே நின்று எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஜன்னலைக் காட்டினார். சாத்திய கண்ணாடி. அவர் தலைக்குப் பின்னால் கூரையில் வட்டமாக ஒரு எல்இடி விளக்கு. ஸ்விட்சை அணைத்துவிட்டு, இப்போது எடுங்கள் என்றேன். இருட்டு, கீழே நாலு வீட்டு வெளிச்சம், அவ்வளவுதான். ஸ்விட்சைப் போட்டேன். தட்டு வந்துவிட்டது.

"ஆனா அது நகர்ந்துச்சே சார்?"

"நீங்க நகர்ந்தீங்க சார்."

விஷயம் இவ்வளவுதான். ஆனால் அதற்குள் அந்தப் படம் நாலு குரூப்புக்குப் போய், "பழனி மலையில் பறக்கும் தட்டு" என்ற தலைப்போடு எனக்கே திரும்பி வந்திருந்தது.

எனக்கு எரிச்சல் மூட்டுவது "வெறும் கண்ணுக்குத் தெரியல, கேமரா பிடிச்சிருச்சு" என்கிற அந்த வாக்கியம்தான். எல்லோரும் அதை ஆதாரம் மாதிரி சொல்கிறார்கள். ஐயா, அதுதான் எதிர்ச் சாட்சி! மலைக்கு மேலே வீடு அளவுக்கு ஒன்று நின்றிருந்தால், மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் சோளக்கதிர் விற்கிற அம்மா முதலில் பார்த்திருப்பார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குப் படாமல் படத்தில் மட்டும் விழுந்திருக்கிறது என்றால், பத்துக்கு ஒன்பது தடவை அது வானத்தில் இல்லை. லென்ஸுக்குள்ளேயோ, லென்ஸுக்கு முன்னால் ஒரு முழ தூரத்திலோ இருக்கிறது. கேமரா கண்ணைவிடக் கூர்மையானது என்று நினைக்கிறீர்கள். இரவில் உங்கள் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகக் கோத்துத் தருகிறது. அந்த இரண்டு மூன்று விநாடியில் எதிரே போகிறவர் டார்ச்சை அசைத்தால், படத்தில் ஒளிப்பாம்பு ஓடும். அது கூர்மை இல்லை, நிதானம்.

போன் லென்ஸ் என்பது அடுக்கி வைத்த வில்லைகள். பலமான வெளிச்சம் உள்ளே முட்டி மோதித் திரும்பினால், பச்சையாகவோ நீலமாகவோ புள்ளி விழும். கண்டுபிடிப்பது சுலபம். படத்தில் இருக்கிற விளக்கிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். மறுபக்கம் அதே தூரத்தில் உங்கள் 'விண்கலம்' உட்கார்ந்திருக்கும். ஏரியைச் சுற்றி வரிசையாகத் தெருவிளக்கு எரிகிற படம் என்றால், வானத்தில் அதே வரிசை தலைகீழாக மிதக்கும். போன மாதம் வந்த 'ஏழு விண்கலங்கள்' அந்த வகை. ஏழு கம்பங்களையும் எண்ணிக் காட்டினேன். பனியில் ஃப்ளாஷ் போட்டால் நீர்த்துளிகள் வெள்ளை வட்டங்களாகத் தெரியும். அதை ஆவி என்று கொண்டுவருகிறவர்கள் தனிக் கூட்டம். பூச்சியும் பறவையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இது போனோடு வந்த வியாதியும் இல்லை. பிலிம் காலத்தில், பிலிமை டெவலப்பர் என்கிற கரைசலில் போடும்போது காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால், அந்த இடம் கழுவப்படாமல் நெகட்டிவில் வெறுமையாகிவிடும். பிரிண்டில் கறுப்பாக வட்டம் விழும். தொட்டியைத் தட்டிக் குமிழியை உதிர்க்காததற்கு நானே குருவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஸ்விட்ச் தட்டித் தீர்த்துவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஸ்காட்லாந்தில் கால்வைன் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1990 ஆகஸ்டில் இரண்டு இளைஞர்கள் எடுத்ததாகச் சொல்லப்படும் படம் ஒன்று இருக்கிறது. வானத்தில் சாய்சதுர வடிவில் ஒன்று, கூடவே ஒரு போர் விமானம். முப்பது வருஷத்துக்கு மேல் கண்ணில் படாமல் கிடந்த படம் 2022-இல்தான் வெளிவந்தது. நீரில் தெரியும் பிம்பம் என்றார்கள், நூலில் தொங்கவிட்ட பொருள் என்றார்கள், பனிக்கு மேலே தலைநீட்டும் மலையுச்சி என்றார்கள். கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்த் தூண் பாறைதான் ஞாபகத்துக்கு வந்தது. அடிவாரம் முழுக்கப் பனி மூடி, உச்சி மட்டும் அந்தரத்தில் நிற்பதை எத்தனை காலை பார்த்திருக்கிறேன்! ஆனால் அந்தப் படத்துக்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நெகட்டிவ் காணாமல் போய்விட்டது, மிச்சம் ஒரு பிரிண்ட். இனி யார் எதைச் சோதிப்பது?

அதனால்தான் கெஞ்சுகிறேன், ஒரிஜினல் படத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த நேரம் முதலிய விவரங்களும் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். தட்டை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பாதீர்கள். எனக்கு வேண்டியது அதைச் சுற்றி இருக்கிற விளக்குகள்தான். செயலியில் போட்டு 'தெளிவாக்கி' கொண்டுவந்தால் கடையை விட்டு வெளியே அனுப்பிவிடுவேன். அது இருக்கிறதைத் தெளிவாக்கவில்லை, தட்டில் இல்லாத ஜன்னலை வரைகிறது. எடுக்கும்போதே கண்ணாடியைத் திறங்கள், லென்ஸைத் துடையுங்கள், நாலடி தள்ளி நின்று இன்னொன்று எடுங்கள். நேரமும் திசையும் எழுதி வையுங்கள். இதே ஊர்ச் சூரிய ஆய்வகத்தில் 1904-லிருந்து சூரியனைப் படம் எடுத்த கண்ணாடித் தட்டுகள் இருக்கின்றன. நாள் நேரம் குறித்து வைத்ததால்தான் அந்தத் தட்டுகளை இன்றைக்கும் ஆராய்ச்சிக்கு எடுக்கிறார்கள்.

கண்ணுக்கும் தெரிந்தால்? சரி, அப்போது கேள்வி வேறு. பொழுது சாய்ந்ததும் கோர்த்த மணி மாதிரி வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 போனதிலிருந்து அது வாடிக்கை. மேற்கில் அசையாமல் ஜொலித்தால் வெள்ளி. நள்ளிரவில் வெளிச்சம் ஏறி ஏறி வந்து சட்டென்று அணைந்தால் வத்தலக்குண்டு ரோட்டில் லாரி ஒரு வளைவு திரும்பியிருக்கிறது. மார்ச், ஏப்ரலில் அந்தரத்தில் நெருப்புக்கோடு தெரிந்தால் அது காட்டுத்தீ, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தம்பிகளுக்கு. தட்டு பார்க்கிறோம் என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாறை விளிம்புக்குப் போகிற வேலை வேண்டாம். பனியில் விளிம்பு எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியாது. வழியில் காட்டுமாடு நிற்கும். அது உங்கள் கேமராவில் விழாது, உங்கள் மேல் விழும்.

அந்தத் திருப்பூர்ப் பையன் மறுநாள் அப்பாவை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். பிரிண்ட் வேண்டுமாம். தட்டு இல்லாத படத்தைத் தேர்ந்தெடுத்தேன். "அது இல்ல அங்கிள், தட்டு இருக்குறது" என்றான். போட்டுக் கொடுத்தேன். பின்பக்கம் "ரூம் லைட், இரவு 8 மணி" என்று எழுதச் சொன்னேன். நாக்கைத் துருத்திக்கொண்டு அவனே எழுதினான்.