அருவிக்குப் போய் வந்து காய்ச்சலா? டாக்டரிடம் மறைக்காதீர்கள்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து மாசி வரைக்கும் தேனிப் பக்கம் காய்ச்சல் வார்டில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரு கேள்வி வாயிலேயே இருக்கும்: "கடைசி மூணு வாரத்தில் காடு, மலை, அருவின்னு எங்கேயாவது போனீங்களா?" பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். அப்பா அம்மா பக்கத்தில் நின்றால் கல்லூரிப் பிள்ளைகள் போயிருந்தாலும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குத் தெரியாமல் போயிருப்பார்கள். அதோடு, 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ நடந்த பிறகு அனுமதி இல்லாமல் மலையேறுவதில் கெடுபிடி அதிகம் என்பதால் கேஸாகிவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அனுமதி வாங்கி, வழி தெரிந்த ஆளோடு போங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எப்படிப் போயிருந்தாலும் சரி, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நாங்கள் வனத்துறைக்குப் போன் போடப் போவதில்லை, எங்களுக்கு வேண்டியது எந்தக் காடு, எந்தத் தேதி என்பது மட்டும்தான்.

விஷயம் ஸ்க்ரப் டைஃபஸ். செய்திகளில் உண்ணிக் காய்ச்சல் என்று பார்த்திருப்பீர்கள். ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா, எலிகள் நடமாடும் புதர்களில் வாழும் ஒரு செம்பூச்சியின் குஞ்சு கடிப்பதால் உடம்புக்குள் வருகிறது. அந்தக் குஞ்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கடித்தால் வலிக்காது, ரத்தம் வராது. மலைக்குப் போகிறவர்கள் அட்டைக்குப் பயந்து உப்பும் மூக்குப்பொடியும் கட்டிக்கொண்டு போகிறார்கள், கடித்த இடத்தைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் காட்டுகிறார்கள். அட்டையால் இந்தக் காய்ச்சல் வருவதில்லை, அதற்குக் காரணமான பூச்சியை யாரும் பார்த்ததே இல்லை.

ஆள் நடமாட்டம் குறைந்த பாதையில்தான் ஆபத்து கூடுதல். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் பாதை மாதிரிப் பழைய மலைப் பாதைகளில் நடந்தவர்களுக்குத் தெரியும், தினமும் கால் படுகிற இடத்தில் வெறும் மண் கிடக்கும், நடை குறைந்த இடத்தில் இரண்டு பக்கமும் புல்லும் புதரும் வந்து மூடி இடுப்பு வரை உரசும். அந்தப் புல் நுனியிலும் சருகிலும்தான் குஞ்சுகள் காத்திருக்கும். அப்புறம் அருவிக்குப் போய்ச் சேர்ந்ததும் என்ன செய்கிறோம்? சட்டையைக் கழற்றிப் புதர் மேல் போட்டுவிட்டுக் குளிக்கிறோம், அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு புல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

ஒரு பையனைக் காய்ச்சல் தொடங்கி எட்டாவது நாள் மூச்சு வாங்க வாங்கக் கொண்டுவந்தார்கள். அதற்குள் வெளியே வைடால் பரிசோதனை செய்து டைபாய்டு என்று ஊசி போட்டாயிற்று. பிளேட்லெட் குறைந்ததும் டெங்கு என்று முடிவு கட்டிப் பப்பாளி இலைச் சாறும் கொடுத்தாயிற்று. "எங்கேயும் போகலைங்க டாக்டர், காலேஜ் விட்டா வீடுதான்" என்றார் அம்மா. அவனும் தலையாட்டினான். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நர்ஸ் டார்ச் பிடிக்க, தலை முதல் கால் வரை பார்த்தோம். தொடையிடுக்கில், ஜட்டி எலாஸ்டிக் இறுகும் இடத்தில் அது இருந்தது: சிகரெட்டால் சுட்ட மாதிரி மிளகளவு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வட்டம், பக்கத்திலேயே நெறி கட்டியிருந்தது. தொட்டால் வலிக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. "அருவிக்குப் போனியாப்பா?" என்று திரும்பக் கேட்டபோதுதான், நண்பர்களோடு போய் இரண்டு வாரம் இருக்கும் என்று மெதுவாகச் சொன்னான். மூன்று நாள் ஆக்ஸிஜனில் இருந்து பிழைத்தான்.

டைபாய்டுக்குப் போடும் ஊசி இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, இது நம் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது. டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குத்தான் கேட்கும். மலிவான, பழைய மாத்திரைதான், சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக அசித்ரோமைசின் தருகிறோம். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதுதான் நல்லது. அதற்காக மருந்துக் கடையில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். எலிக்காய்ச்சல், மலேரியா எல்லாமும் இதே மாதிரிதான் ஆரம்பிக்கும்.

போகும்போது முழுக்கை சட்டை, பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், பூச்சி விரட்டிக் களிம்பு தடவுங்கள். துணியைப் பையில் வையுங்கள், புதரில் போடாதீர்கள். உட்கார ஒரு விரிப்பு. வீட்டுக்கு வந்தவுடன், அசதியில் அப்படியே படுக்காமல், சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள், போட்டிருந்த துணியை வெந்நீரில் துவையுங்கள்.

காய்ச்சல் வழக்கமாக ஆறிலிருந்து 21 நாளுக்குள் வரும், பயணமே மறந்துபோன பிறகு. அப்போது அக்குள், மார்புக்குக் கீழ், இடுப்பு, தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள், முதுகை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வியர்வை தங்கும் இடத்தில் பொருக்கு கறுப்பாக இல்லாமல் வெறும் ஈரப்புண்ணாக இருக்கலாம், சிலருக்குப் புண்ணே இருக்காது. புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால் ஒரே புதரில் நடந்தவர்களுக்கு வெவ்வேறு நாளில் வரலாம். அதனால் உங்கள் குழுவில் ஒருவருக்கு உறுதியானால், கூடப் போன எல்லோருக்கும் அன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், லேசாக உடம்பு சுட்டாலும் தேதியைச் சொல்லி டாக்டரைப் பார்க்கட்டும்.