சர்ரியல் நாடகம் என்றால் எதை வேண்டுமானாலும் செய்யலாமா?

பள்ளி நாடகத்துக்கு ‘சர்ரியல்’, அதாவது கனவின் போக்கில் நடக்கும் பாணி, என்று முடிவெடுத்ததுமே பல குழுக்களில் நடப்பது ஒன்றுதான்: வெள்ளை முகமூடி, புகை, ஊதா விளக்கு, காரணமில்லாமல் கத்தும் நாலு பேர். நாடகப் பயிற்சியாளராக இப்படிப்பட்ட ஒத்திகைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பார்ப்பவர்களுக்குப் புரியாவிட்டால் அது சர்ரியல் என்ற நினைப்புதான் கோளாறு.

1924இல் பாரிஸில் சர்ரியலிசக் கலை இயக்கத்தின் அறிக்கையை எழுதிய கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் மருத்துவம் படித்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் மனநலச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து, போரில் மனம் குலைந்த சிப்பாய்களின் பேச்சைக் கேட்டவர். கனவுகளை ஆராய்ந்த மருத்துவர் ஃபிராய்டைப் படித்து அவற்றின் மேல் ஈடுபாடு கொண்டவர். கனவில் மீன் பேசினால் நாம் அலறுவதில்லை, பதில் சொல்கிறோம். மேடைக்கு வேண்டியதும் அந்தச் சாதாரணத் தன்மைதான்.

அதனால் மாணவர்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை: ஒரு காட்சியில் ஒரே ஒரு விதியை மட்டும் உடையுங்கள். மற்றதெல்லாம் அன்றாடம் நடப்பது போலவே நடக்கட்டும். வகுப்பறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். ஒரு பெயரைக் கூப்பிட்டதும் காலி நாற்காலி லேசாக நகர்கிறது. “சரி” என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போகிறார். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒருவர் பயந்தால் பேய்க்கதை, ஒருவர் சிரித்தால் நகைச்சுவை. இரண்டுமே வேறு நாடகம். மறுநாள் அந்த நாற்காலிக்குக் காய்ச்சல், விடுப்புக் கடிதம் வருகிறது. அப்புறம் நாற்காலிகள் கூடிக்கொண்டே போகின்றன, மாணவர்கள் குறைகிறார்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று அறிவிப்பாளர் மைக்கில் விளக்க வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

காட்சி தோன்றாமல் தவிக்கும் குழுவுக்கு சர்ரியலிஸ்டுகள் 1925 வாக்கில் ஆடிய காகித விளையாட்டு உதவும். ஒருவர் எழுதி மடித்துத் தர, அதைப் பார்க்காமல் அடுத்தவர் தொடர்வார். நாங்கள் ஆள், இடம், செயல், பொருள் என்று பிரித்துக்கொள்கிறோம். ‘தையற்காரர், ஏரிக்கு அடியில், கடன் கேட்கிறார், நிழலை’ என்று வந்தால் போதும், “எப்போ திருப்பித் தருவீங்க?” என்ற கேள்வியிலிருந்து காட்சி தானாக ஓட ஆரம்பிக்கும். பெரும்பாலான சீட்டுகள் குப்பைக்குத்தான் போகும், போகட்டும். மேடைப் பொருளுக்கும் பெரிய செலவு தேவையில்லை. சர்ரியலிசக் கலைஞர் மெரெட் ஒப்பன்ஹைம் 1936இல் ஒரு தேநீர்க் கோப்பை, தட்டு, கரண்டி மூன்றையும் விலங்கின் ரோமத்தால் போர்த்தினார், அவ்வளவுதான். புகை இயந்திரத்தைவிட, காதில் வைத்த தொலைபேசியிலிருந்து கொட்டும் மணல் அதிகம் பேசும்.

இனி, ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து “உங்கள் கெட்ட கனவைச் சொல்லுங்கள்” என்று கேட்கும் பயிற்சி இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பிரெத்தோனின் நண்பர்கள் பெரியவர்கள், தாங்களாக விரும்பிக் கனவுகளைச் சொன்னவர்கள். ஒரு குழந்தையின் கனவிலோ ஒரு சாவு இருக்கலாம், வீட்டில் விழும் அடி இருக்கலாம். வகுப்பின் முன் சொல்லிவிட்டால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. பார்த்த கனவோ, அப்போதே இட்டுக்கட்டியதோ, எதுவானாலும் சரி என்று சொல்லி எழுதித்தான் வாங்குவேன். விருப்பமில்லாதவர் எழுத வேண்டியதில்லை. நான் மட்டுமே படிப்பேன் என்பதையும், யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் பள்ளியின் மனநல ஆலோசகரிடமோ பொறுப்பானவரிடமோ சொல்வேன் என்பதையும் முதலிலேயே தெரிவித்துவிடுவேன். அப்படி வரும் சீட்டு நாடகத்துக்கு உரியதல்ல. மற்றவற்றிலும், கனவு யாருடையதோ அவரையே அதில் நடிக்க வைப்பதில்லை.

விளக்கு விஷயத்தில் ஒரு வார்த்தை. நொடிக்கு 3 முறைக்கு மேல் மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம். இந்தப் பாதிப்பு சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும்தான் அதிகம். புகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. முழு முகமூடி பக்கப் பார்வையை மறைக்கும், எனவே மேடை விளிம்பைச் சொரசொரப்பான பட்டை ஒட்டி, காலுக்குத் தெரியும்படி செய்யுங்கள்.

கடைசி ஒத்திகைக்கு, நாடகத்தைப் பார்த்திராத ஒரு மாணவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். முடிந்ததும் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். “நாற்காலியை ஒரு பையனாகவே நடத்துறாங்க” என்று சொன்னால் காட்சி தயார். “ஏதோ கனவு மாதிரி இருந்துச்சு” என்று இழுத்தால், உடைந்த விதிகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. எதை வெட்டுவது என்று குழுவோடு உட்கார்ந்து பேசுங்கள்.